சுமப்பதும் துணை நிற்பதும்

(கல்விக் கழக வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

25 ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு கீற்றுக் கொட்டகையில் இரவுப் பள்ளியாகத் தொடங்கப்பெற்ற நம் கழகம் இன்று வெள்ளி விழாக் காண்கிறது. அந்தக் கொட்டகையில் சிலேட்டுப் பிடித்த பிள்ளைகளுள் இன்று ஆசிரியர் உளர், செவிலியர் உளர், வழக்குரைஞர் உளர். இதனை எண்ணுங்கால் நெஞ்சம் நிறைகிறது. ஆயினும் விழா நாளில் நிறைவை மட்டும் பேசிவிட்டுப் போவது ஓர் ஆசிரியனுக்கு அழகன்று. மதிப்பெண்ணைக் கூட்டிப் போடுகிறவன், விடை எழுதாமல் விடப்பட்ட வினாவையும் சுட்டிக் காட்டக் கடமைப்பட்டவன். நாம் எழுதாமல் விட்ட ஒரு வினாவைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

‘மாற்றுத்திறனாளிகளுக்கு நாம் செய்ய வேண்டிய உதவிகள்’ என்பது அழைப்பிதழில் எனக்குத் தரப்பட்ட பொருள். விழாக் குழுவினர் நல்லெண்ணத்துடன் தந்த தலைப்புத்தான். எனினும் அதிலுள்ள இரண்டு சொற்களோடு எனக்கு வழக்கு உண்டு. ஒன்று ‘நாம்’, மற்றொன்று ‘உதவிகள்’. ‘நாம்’ என்று சொல்லும்போது அவர்கள் அதற்குள் இல்லையா? ‘உதவி’ என்று சொல்லும்போது, எது உதவி என்று அவர்களைக் கேட்டோமா?

இவ்வழக்கை என் வீட்டிலிருந்தே தொடங்குகிறேன். குற்றவாளிக் கூண்டில் நிற்பவனும் நானே. என் தங்கையைப் பற்றிச் சொல்லப் போகிறேன். மேடையில் சொல்லலாமா என்று அவளிடமே முதலில் கேட்டேன். ‘உள்ளதை உள்ளபடி சொல்வதானால் சொல்லுங்கள். கேட்பவர்கள் உச்சுக் கொட்டும்படி மட்டும் சொல்லாதீர்கள்’ என்றாள். அந்த நிபந்தனைக்கு உட்பட்டே பேசுகிறேன்.

தெருவும் வரப்பும்

1974-ஆம் ஆண்டில், 2 வயதில், என் தங்கைக்கு இளம்பிள்ளைவாதம் வந்தது. இரண்டு கால்களும் செயலிழந்தன. நாடெங்கும் போலியோ சொட்டு மருந்து முகாம்கள் 1995-இல் தொடங்கின. 2014 மார்ச்சு 27 அன்று இந்தியா போலியோ இல்லாத நாடு என்று சான்று பெற்றது. அந்த நற்காலம் அவளுக்குப் பிந்தி வந்தது.

எங்கள் தந்தையார் விவசாயக் கூலித் தொழிலாளி. விடியலில் வேலைக்குப் போகுமுன் அவளைத் தோளில் சுமந்து, சேரியிலிருந்த தொடக்கப் பள்ளியில் இறக்கிவிட்டுப் போவார். ஐந்தாம் வகுப்பு வரை வகுப்பில் அவளே முதல் மாணவி. ஆறாம் வகுப்பிற்கு 3 கிலோமீட்டர் தொலைவிலிருந்த உயர்நிலைப் பள்ளிக்குச் செல்ல வேண்டும். பாதை ஊர்த்தெரு வழியே சென்றது. அந்நாளில் எங்கள் ஊரில் நம்மவர் ஊர்த்தெருவில் மிதிவண்டியில் ஏறிச் செல்லலாகாது. இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். நான் மிதிவண்டி இல்லாமல் வயல் வரப்பு வழியே நடந்து போய்ப் படித்தேன். அவளால் வரப்பில் நடக்க இயலாது. மிதிவண்டியின் பின்னிருக்கையில் அவளை உட்கார வைத்து, தாம் இறங்கித் தள்ளிச் செல்லலாமா என்று தந்தையார் ஊர்ப் பெரியவர்களிடம் கைகட்டி நின்று கேட்டார். ‘ஏறியிருப்பது யாராயிருந்தாலும் ஏறியதுதான்’ என்று விடை கிடைத்தது. 1982 சூன் மாதத்தோடு என் தங்கையின் படிப்பு முடிந்தது.

பொதுச் சாலைகளும் கிணறுகளும் எல்லார்க்கும் பொது என்று சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசனார் தீர்மானம் கொண்டுவந்தது 1924-இல். அதற்கு 58 ஆண்டுகள் கழித்தும் அந்தத் தெரு ஒரு பத்து வயதுச் சிறுமிக்குத் திறக்கவில்லை.

அவள் படிப்பை நிறுத்தியது எது? கால்களா, சாதியா? நான் பல்லாண்டுகள் இதனை எண்ணிப் பார்த்திருக்கிறேன். சாதியால் தடுக்கப்பட்ட எனக்குக் கால்கள் இருந்தன. ஆகையால் வரப்பு இருந்தது. கால் இயலாத ஊர்ப் பிள்ளைக்கு மிதிவண்டி செல்லும் தெரு இருந்தது. இரண்டு தடைகளும் ஒருங்கே சூழ்ந்த அவளுக்கோ எந்த வழியும் இல்லை. ஒன்றும் ஒன்றும் கூடி இரண்டாகும் கணக்கன்று இது. ஒரு தடை, மற்றதிலிருந்து தப்பும் வழியையும் அடைத்துவிடுகிறது.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் குறைபாடுடையோர் 2 கோடியே 68 இலட்சம் பேர். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11 இலட்சத்து 80 ஆயிரம் பேர். நாட்டு மக்களுள் அவர்கள் 2.21 விழுக்காடு. பட்டியல் சாதியினருள் மட்டும் கணக்கிட்டால் அது 2.45 விழுக்காடு. சத்துணவுக் குறைவு, பிரசவக் காலத்தில் மருத்துவம் எட்டாமை, ஆபத்தான வேலைகள் ஆகியவை வறியோர் உடம்பில் எழுதும் கணக்கு இது. ஆகவே இப்பொருள் நம் கழகத்திற்குப் புறம்பானதன்று. வேறு எவரையும்விட நமக்கே உரியது.

2021 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. ஆந்திரப் பிரதேசத்தில், பிறவியிலேயே பார்வையற்ற பட்டியல் சாதிப் பெண் ஒருவருக்கு இழைக்கப்பட்ட வன்கொடுமை பற்றிய வழக்கு அது. பெண், தலித், பார்வையற்றவர் என்னும் மூன்று நிலைகளையும் தனித்தனியே பிரித்துப் பார்த்தால் அவர் பட்ட தீங்கு புலப்படாது. மூன்றும் பின்னிப் பிணைந்தே செயற்படுகின்றன என்று நீதிமன்றம் விளக்கியது. குறைபாடுடையவர் என்பதற்காக ஒருவருடைய சாட்சியம் தாழ்ந்ததாகிவிடாது என்றும் உரைத்தது. என் தங்கை 1982-இல் அறிந்ததை நீதிமன்றம் 2021-இல் எழுதிற்று.

எட்டு ஓட்டு

இதுவரை சொன்னது பிறர் செய்த குற்றம். இனி நான் செய்த குற்றத்தைச் சொல்கிறேன்.

நான் பி.ஏ., பி.எட். முடித்து ஆசிரியனானேன். தங்கைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை என்று பெருமை கொண்டிருந்தேன். அவளுக்கு வரும் உதவித்தொகைக்கான தாள்களில் நானே எழுதினேன். அவளுக்காக நானே பேசினேன். யார் எதைக் கேட்டாலும் அவள் வாய் திறக்குமுன் நானே விடை சொன்னேன். வந்தவர்களும் அவளை அருகில் வைத்துக்கொண்டே, ‘இது சாப்பிடுமா? இதற்குப் பேச்சு வருமா?’ என்று என்னிடம் கேட்டார்கள். அவர்கள் ‘இது’ என்றதை நான் திருத்தியதாக நினைவில்லை.

1996 அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. அவளை மிதிவண்டியில் ஏற்றி, இம்முறை ஊர்த்தெரு வழியாகவே, வாக்குச் சாவடிக்கு அழைத்துச் சென்றேன். படிகளில் தூக்கிச் சென்றேன். ஊராட்சி வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றிய உறுப்பினர், மாவட்ட உறுப்பினர் என நான்கு பதவிகளுக்கு நான்கு வாக்குச் சீட்டுகள். அலுவலர் அவற்றை என் கையில் கொடுத்தார். நானும் வாங்கிக்கொண்டேன். மறைப்புக்குள் அவளை இருத்திவிட்டு, நான்கு சீட்டுகளிலும் நானே முத்திரை குத்தி, நானே மடித்துப் பெட்டியில் போட்டேன். அவள் கைகளுக்கு ஒரு குறையும் இல்லை என்பதே அப்போது எனக்குத் தோன்றவில்லை.

வீடு திரும்பும்வரை அவள் பேசவில்லை. திண்ணையில் இறக்கிவிட்டபோது சொன்னாள்: ‘அண்ணே, இன்றைக்கு உங்களுக்கு எட்டு ஓட்டு, எனக்கு ஒன்றுமில்லை.’

அன்பர்களே, வயது வந்த ஒவ்வொருவருக்கும் ஓர் ஓட்டு, அந்த ஓட்டுக்கு ஒரே மதிப்பு என்பதற்காக அண்ணல் அம்பேத்கர் எத்தனை மன்றங்களில் வாதாடினார் என்பதை நான் வகுப்பறையில் பாடமாக நடத்தி வந்தவன். 1930-இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டிற்கு அண்ணலும் இரட்டைமலை சீனிவாசனாரும் நம் பிரதிநிதிகளாகச் சென்றதன் உட்பொருள், நமக்காகப் பேசும் வாய் நம்முடையதாகவே இருக்க வேண்டும் என்பதே. அதனைக் கரும்பலகையில் எழுதிப் போட்டவன், தன் வீட்டில் தங்கையின் வாயை அடைத்து வைத்திருந்தேன். உலகெங்கும் குறைபாடுடையோர் இயக்கங்கள் முழங்குவதும் அதே கோரிக்கைதான்: எங்களைப் பற்றிய எந்த முடிவும் எங்களை விலக்கிவிட்டு எடுக்கப்படலாகாது.

அவளைச் சாவடிக்குத் தூக்கிச் சென்றது தவறில்லை. தூக்கிச் சென்றவன் அவள் வாக்கையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டதே தவறு. சுமப்பதற்கும் துணை நிற்பதற்கும் உள்ள வேறுபாட்டை அன்றுதான் கற்கத் தொடங்கினேன். என் பட்டங்கள் கற்பிக்காத பாடம் அது.

ஊரைவிட்டு அனுப்புதல்

கற்கத் தொடங்கினேன் என்றுதான் சொன்னேன். கற்றுவிட்டேன் என்று சொல்லவில்லை. 2009-இல் எங்கள் தாயார் மறைந்தார். நான் பணியின் பொருட்டு நகரத்தில் குடியிருந்தேன். தங்கை தனியே எப்படி வாழ்வாள் என்ற கவலையில், தொலைவிலிருந்த ஓர் இல்லத்தின் விண்ணப்பப் படிவத்தை வாங்கிக்கொண்டு வந்தேன். அங்கே வேளைக்கு உணவு உண்டு, மருத்துவர் உண்டு, பாதுகாப்பு உண்டு என்று எடுத்துரைத்தேன். அவள் படிவத்தை முழுவதும் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். ‘நான் என்ன குற்றம் செய்தேன், என்னை ஊரைவிட்டு அனுப்ப?’ என்று கேட்டாள்.

எனக்குச் சினம் வந்தது. இரண்டு மாதம் அவளோடு பேசவில்லை. ஆனால் அந்தச் சொற்றொடர் என்னை விடவில்லை. ஒரு மனிதரை ஊரைவிட்டு ஒதுக்கி வைப்பது என்றால் என்ன என்பதை நம்மைவிட அறிந்தவர் யார்? உனக்கென்று தனி இடம், தனிக் கிணறு, தனிச் சுடுகாடு, எல்லாம் உன் நன்மைக்கே என்று நம்மிடம் சொன்னவர்கள் உண்டல்லவா? அதையே நான் அன்பின் பெயரால் அவளிடம் சொன்னேன்.

ஒதுக்கிவைத்தல் எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு ஏர்வாடி சான்று. 2001 ஆகஸ்டு 6 விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளர் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் பகைவர்கள் அல்லர், பெற்றோரும் உடன்பிறந்தோருமே. வேறு வழி தெரியாத ஏழைகள் அவர்கள். அவர்களை நான் குறை கூறேன். வேறு வழியை அமைத்துத் தராத சமுதாயத்தையே குறை கூறுகிறேன்.

வேறு வழி உண்டு. 2006 டிசம்பர் 13 அன்று ஐக்கிய நாடுகள் அவை ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 19-ஆம் உறுப்பு, சமுதாயத்தில் மற்றவரோடு வாழும் உரிமையைப் பேசுகிறது. இந்தியா 2007-இல் அதனை ஏற்று உறுதி செய்தது. அதன் வழி வந்ததே 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். அச்சட்டத்தின் 5-ஆம் பிரிவு, குறைபாடுடைய எவரையும் ஒரு குறிப்பிட்ட இடத்தில்தான் வாழ வேண்டும் என்று கட்டாயப்படுத்தலாகாது என்கிறது. அன்றாட வாழ்வுக்குத் தேவையான துணை, அவர் வாழும் இடத்திலேயே கிடைக்க வழி செய்ய வேண்டும் என்றும் கூறுகிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை அடியோடு தடை செய்கிறது. குடும்பம் ஏற்கவில்லை, வீடு இல்லை என்ற காரணங்களுக்காக மட்டும் ஒருவரை மனநல விடுதியிலேயே வைத்திருக்கலாகாது என்றும் அது விதிக்கிறது.

இவை ஏட்டுச் சுரைக்காய் அல்ல. சென்னையில் 1993-இல் தொடங்கப்பெற்ற பேனியன் நிறுவனம், விடுதியில் நெடுங்காலம் தங்கிவிட்ட பெண்களைச் சாதாரணத் தெருக்களில் வாடகை வீடு எடுத்து, நாலைந்து பேராகச் சேர்ந்து வாழச் செய்திருக்கிறது. சமையல், சந்தை, அண்டை வீட்டுப் பேச்சு என்று அவர்கள் குடித்தனம் நடத்துகிறார்கள். துணைக்குப் பணியாளர் ஒருவர் இருக்கிறார். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981-இல் தோற்றுவித்த திரு. எஸ். இராமகிருஷ்ணன் அவர்களைப் பாருங்கள். கடற்படை அதிகாரி தேர்வுக்குச் சென்ற இடத்தில் 1975-இல் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழ் செயலிழந்தவர் அவர். அவருக்கு யாரோ நிறுவனம் தொடங்கி அடைக்கலம் தரவில்லை. அவர் தொடங்கிய நிறுவனம் சுற்றுவட்டாரச் சிற்றூர்களுக்குப் பயன்படுகிறது. 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

நான்கு வசதிகள்

என் தங்கை ஊரிலேயே வாழ்வது என்று முடிவாயிற்று. முடிவு அவளுடையது. அதற்கு என்ன தேவை என்று இம்முறை அவளையே கேட்டேன். அவள் சொன்னவை நான்கு. தண்ணீர்க் குழாயை அவள் கைக்கு எட்டும்படி ஒன்றரை அடி உயரத்திற்கு இறக்க வேண்டும். உட்கார்ந்து எழக் கைப்பிடியுடன் கழிப்பறை வேண்டும். வாசற்படியை இடித்துச் சாய்வாக்க வேண்டும். காலையும் மாலையும் ஒரு மணி நேரம் துணைக்கு ஒரு பெண் வர வேண்டும். ஓர் இல்லத்தில் ஓராண்டு வைத்துப் பார்க்க ஆகும் செலவில் முதல் மூன்றும் முடிந்துவிட்டன.

நான்காவதில் மீண்டும் தவறினேன். என் மனைவியின் உறவுக்காரப் பெண் ஒருவரை நானே ஏற்பாடு செய்தேன். பதினைந்தாம் நாள் தங்கை அவரை நிறுத்திவிட்டாள். காரணம் கேட்டேன். ‘என்னைக் கேட்காமல் என் பாத்திரங்களை இடம் மாற்றுகிறார், எட்டாத இடத்தில் வைத்துவிட்டுப் போகிறார்’ என்றாள். பிறகு தெருவிலேயே ஒரு பெண்ணைத் தானே தேர்ந்தாள். ஊதியத்தையும் தானே பேசி முடித்தாள். இன்றுவரை அந்த ஏற்பாடு நடக்கிறது. கையால் சுழற்றும் தையல் இயந்திரம் ஒன்றில் தைத்துச் சம்பாதிக்கிறாள். தெருப் பெண்களின் சுய உதவிக் குழுவில் கணக்கு அவள் பொறுப்பு. ஐந்தாம் வகுப்போடு நின்ற அந்தக் கணக்கில் இதுவரை ஒரு பிழை கண்டவரில்லை.

‘உங்கள் தங்கைக்குக் கால்தானே இயலவில்லை? அறிவு வளர்ச்சியில் குறைபாடுடையவர்கள் எப்படித் தாமே முடிவு செய்வார்கள்?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. என் பள்ளியில் அத்தகைய மாணவன் ஒருவன் படித்தான். மணி பார்க்க அவனுக்கு வராது. ஆனால் பள்ளி மணி அடிப்பதில் அவனுக்கு விருப்பம் மிகுதி. கடிகாரத்தைப் பார்த்துச் சொல்ல ஒரு மாணவியை அமர்த்தினேன். அவள் சொல்வாள், அவன் அடிப்பான். மூன்றாண்டுகளில் எங்கள் பள்ளி மணி தவறியது அவன் காய்ச்சலில் படுத்த நாட்களில் மட்டுமே. துணை என்பது அதுதான். இயலாத துண்டை மட்டும் பிறர் தருவது, மற்றதை அவரிடமே விட்டுவிடுவது. சட்டத்தின் 13-ஆம் பிரிவு, குறைபாடுடையோர்க்கும் மற்றவர்க்கு ஒப்பான சட்டத் தகுதி உண்டென்கிறது. 14-ஆம் பிரிவு, பாதுகாவலர் ஒருவர் தேவைப்படும் இடத்திலும் அவர் அந்த நபரோடு கலந்து, ஒத்த கருத்தோடு முடிவெடுக்க வேண்டும் என்கிறது. சோறா, கஞ்சியா என்பதில் தொடங்கி, எங்கே வாழ்வது, யாரோடு வாழ்வது என்பது வரை கேட்டுப் பழக வேண்டும்.

உரிமைகளை அறிதல்

அறியாத உரிமை, பூட்டிய பெட்டியிலுள்ள பணம் போன்றது. ஆகவே சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1995-ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளையே கணக்கில் எடுத்தது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை 21 வகையாக விரித்தது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுடைய பிள்ளைகளுக்கு 6 வயது முதல் 18 வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ அவர்கள் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிக் கற்கும் உரிமை உண்டு. அரசு உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காடு இடமும், அரசுப் பணிகளில் 4 விழுக்காடு இடமும் ஒதுக்கப்பட வேண்டும். விவசாய நிலமும் வீடும் வழங்கும் அரசுத் திட்டங்களிலும், வறுமை ஒழிப்புத் திட்டங்களிலும் 5 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. அவற்றில் பெண்களுக்கு முன்னுரிமை உண்டு. நம் தெருக்களுக்கு வீட்டுமனைப் பட்டா கேட்டு மனு எழுதும் கழகத் தோழர்கள், அம்மனுவில் இந்த 5 விழுக்காட்டையும் எழுதியிருக்கிறோமா என்று நினைத்துப் பாருங்கள்.

சட்டத்தின் 92-ஆம் பிரிவை நம் வழக்குரைஞர்கள் படித்தால் வியப்படைவார்கள். பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில், இழிவுபடுத்தும் எண்ணத்துடன் வேண்டுமென்றே ஒருவரை அவமதித்தாலும் அச்சுறுத்தினாலும் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு என்று அது கூறுகிறது. இவ்வாசகத்தை நாம் எங்கோ கேட்டிருக்கிறோம் அல்லவா? 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், சாதியின் பெயரால் நம்மை இழிவு செய்வோர்க்காக எழுதப்பட்ட வாசகமே அது. தண்டனையும் அதுவே. சாதிப் பெயர் சொல்லி அழைத்தால் நமக்கு உடல் பதறுகிறது. ஆனால் நம் தெருவிலேயே ஒருவரை ‘நொண்டி’ என்றும் ‘செவிடு’ என்றும் ‘லூசு’ என்றும் அவர் பெயரையே மறந்துபோகும் அளவுக்கு அழைக்கிறோம். சேரிக்குள்ளே ஒரு சேரியை நாம் கட்டி வைத்திருக்கிறோம். இதைச் சொல்லும்போது எனக்கு வலிக்கிறது. ஆயினும் சொல்லாமலிருக்க இயலவில்லை.

வாக்குரிமையைப் பற்றியும் ஒரு சொல். 2019-இல் தேர்தல் விதிகள் திருத்தப்பட்டு, 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுடையோர் விரும்பினால் வீட்டிலிருந்தே அஞ்சல் வாக்கு அளிக்க வழி செய்யப்பட்டது. தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தலில் 2021-இல் அது நடைமுறைக்கு வந்தது. என் தங்கையிடம் அதைச் சொன்னேன். ‘வேண்டா. நான் போய் ஓட்டுப் போடுவதை ஊர் பார்க்கட்டும்’ என்றாள். மூன்று சக்கர வண்டியில் ஊர்த்தெரு வழியே போய்ப் போட்டுவிட்டு வந்தாள். நான் சாவடி வாசலிலேயே நின்றுகொண்டேன். யாருக்குப் போட்டாள் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டேன்.

2025-ஆம் ஆண்டில், உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்கத் தமிழ்நாடு சட்டமன்றம் சட்டத் திருத்தம் செய்தது. இது நல்ல வாய்ப்பு. ஆனால் நம்மவர் ஒருவர் அந்த இடத்தில் அமர வேண்டுமானால், அவரைக் கிராமசபையில் நேற்றே ஊர் பார்த்திருக்க வேண்டும். அவர் குரலை முன்பே கேட்டிருக்க வேண்டும். பின்கட்டு அறையில் கிடப்பவரை எந்த அரசாணையும் தேடி வந்து நாற்காலியில் அமர்த்தாது.

கழகத்திற்கு என் விண்ணப்பம்

இறுதியாக, நம் கழகத்தின் முன் மூன்று விண்ணப்பங்களை வைக்கிறேன்.

முதலாவது, நம் தெருக்களில் வீடு வீடாகச் சென்று, குறைபாடுடையோர் எத்தனை பேர், அடையாள அட்டை பெற்றவர் எத்தனை பேர், பள்ளி செல்லும் வயதுடையோர் எத்தனை பேர் என்று கணக்கெடுங்கள். அப்போது வீட்டிலுள்ள மற்றவரிடம் கேட்டு எழுதாமல், அவரிடமே பேசி எழுதுங்கள். தலைமையாசிரியன் என்ற முறையில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: எங்கள் வருகைப் பதிவேடுகளில் ‘வீட்டு வழிக் கல்வி’ என்று எழுதப்பட்ட பெயர்கள் உண்டு. நடமாடவே இயலாத பிள்ளைகளுக்கு அது தேவை. ஆனால் ஒரு சக்கர நாற்காலியும் ஒரு சாய்தளமும் இருந்தால் வகுப்புக்கு வந்துவிடக்கூடிய பிள்ளைகளையும் அந்தச் சொல்லுக்குள் வைத்து மறந்துவிடுகிறோம். வீட்டு வழிக் கல்வி வீட்டுச் சிறையாகிவிடலாகாது.

இரண்டாவது, கழகத்தின் செயற்குழுவில் இருவர் மாற்றுத்திறனாளிகளாக இருக்கட்டும். அவருள் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். அவர்கள் தங்களைப் பற்றி மட்டுமன்றி, கழகத்தின் வரவு செலவு, நூலகம், இரவுப் பள்ளி என அனைத்தைப் பற்றியும் பேசட்டும்.

மூன்றாவது, வெள்ளி விழா நினைவாக நாம் எழுப்பவிருக்கும் கட்டடத்தைப் பற்றியது. வரைபடத்தைப் பார்த்தேன். அழகான முகப்பு, அண்ணலின் சிலை, அதற்குக் கீழே ஐந்து படிகள். சாய்தளம் இல்லை. பின்னால் நிதி மிஞ்சினால் கட்டலாம் என்றார்கள். பின்னால் என்பது எவ்வளவு நீளமான சொல் என்பதை 1924-க்கும் 1982-க்கும் இடையே நாம் அளந்திருக்கிறோம். தரைமட்டத்திலிருந்து கட்டடத்தின் உயரம் இரண்டரை அடி. ஓர் அடி உயரத்திற்கு 12 அடி நீளம் என்பது சாய்தளத்திற்குரிய அளவு. ஆக 30 அடி நீளம், 4 அடி அகலம், இருபுறமும் கைப்பிடி. வாயில் 3 அடிக்குக் குறையலாகாது. இடத்தை மிச்சப்படுத்தச் செங்குத்தாகக் கட்டிவிட்டால் அதில் வண்டி ஏறாது, பின்னுக்கு உருளும். என் பள்ளியில் முதலில் கட்டிய சாய்தளம் அப்படித்தான் இருந்தது. இடித்துவிட்டு மறுபடி கட்டினோம். நிதி போதாதென்றால் முகப்பின் அழகைக் குறையுங்கள். அண்ணல் அதற்காக வருந்தமாட்டார்.

இன்று காலை இங்குப் புறப்படும்போது, ‘நீயும் வாயேன்’ என்று தங்கையை அழைத்தேன். ‘மண்டபத்துக்கு எத்தனை படி?’ என்று கேட்டாள். நேற்றே வந்து எண்ணிப் பார்த்திருந்தேன். ‘ஏழு’ என்றேன். ‘தூக்கிக்கொண்டு போவீர்களா?’ என்றாள். ‘போவேன்’ என்றேன். ‘என்னைத் தூக்கி நீங்கள் சுமந்த காலம் போதும் அண்ணே. நீங்கள் போய்ப் பேசிவிட்டு வாருங்கள். புதுக் கட்டடத்தில் படி இல்லாத வழி இருந்தால், திறப்பு விழாவுக்கு நானே வருகிறேன்’ என்றாள்.

அவள் வருவதும் வராததும் இனி உங்கள் கையில் இருக்கிறது.